அடி நோட்டு

ரேடியோ: ...ஒரே ஒரு கையெழுத்துதான்க்கா. படிக்கக்கூட வேணாம். கீழ இந்தக் கோட்டு மேல போட்டா போதும்.

பூட்டு: படிக்காம கையெழுத்து போடுற ஆளா நான்?

ரேடியோ: சரி, படி. சீக்கிரம் படி. அஞ்சு மணிக்கு கராத்தே சங்கத்து ஆபீஸை மூடிடுவாங்க.

பூட்டு: இப்ப மணி என்ன?

ரேடியோ: மூணே கால். பஸ்ஸுக்கே முக்கால் மணி நேரம் ஆகும்.

பூட்டு: அப்ப நேரம் இருக்கு. இந்த மூட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கை பிடி.

ரேடியோ: இதையா... என்னக்கா இது, இப்படி நாறுது.

பூட்டு: ஆஸ்பத்திரி மூட்டை. மல்லிப்பூ வாசமா வரும்? தூக்கு. டேய், முதுகை வளைக்காத. முட்டியை மடக்கு. ஆறு வருஷம் கராத்தே கத்துக்கிட்டவன் தூக்குற லட்சணமா இது?

ரேடியோ: நாலு மாசமா கிளாஸைப் பூட்டி வெச்சிருக்காங்கல்ல, உடம்பு துருப்பிடிச்சுப் போச்சு. நீ மட்டும் எப்படிக்கா அப்படியே இருக்க?

பூட்டு: ஒரு நாளைக்கு நானூறு பெட்ஷீட் உதறிப் பாரு. உனக்கும் தோள் வரும்.

சூப்பர்வைசர்: அங்க யாரு அது? வெளியாள் உள்ள வரக்கூடாதுன்னு போர்டு போட்டிருக்குல்ல?

பூட்டு: என் தம்பிம்மா. ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்க வந்திருக்கான்.

சூப்பர்வைசர்: உனக்கு ஏது தம்பி? ஒத்தைப் பொண்ணுன்னு சொன்ன.

பூட்டு: கூடப் பொறக்காத தம்பி.

சூப்பர்வைசர்: எந்தத் தம்பியா இருந்தாலும் பத்து நிமிஷம்தான். மூணாவது மாடி ஷீட் நாலு மணி வண்டிக்குப் போகணும். அறுபது எண்ணிக்கை, ஒண்ணு குறையக்கூடாது.

பூட்டு: முடிஞ்சிடும்மா.

ரேடியோ: இந்தம்மாகிட்ட நம்ம கராத்தே மாஸ்டரே தோத்துடுவாரு.

பூட்டு: மெதுவா பேசு. உனக்கு ரேடியோன்னு சும்மாவா பேர் வெச்சோம். அந்தத் துவைச்ச குவியல்ல நீலத் தையல் போட்ட ஷீட்டெல்லாம் இங்கப் போடு. பச்சைத் தையல் வேணாம், அது பிரசவ வார்டு.

ரேடியோ: நீலம்னா?

பூட்டு: மூணாவது மாடி.

ரேடியோ: மூணாவது மாடின்னா... நம்ம குட்டை படுத்திருக்குற மாடி.

பூட்டு: ம்.

ரேடியோ: அப்ப இதுல ஒண்ணு அவனோடதா?

பூட்டு: இருக்கும். எதுன்னு தெரியாது. அதனால எல்லாத்தையும் சுருக்கம் இல்லாம மடிக்கிறேன்.

ரேடியோ: ...

பூட்டு: என்ன, ரேடியோ நின்னு போச்சு?

ரேடியோ: ஒண்ணுமில்ல. நீ ஒரு தடவையாவது போய் அவனைப் பாத்திருக்கலாம்க்கா.

பூட்டு: எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறது? ஊரே அந்தப் பரீட்சைச் சண்டை வீடியோவைப் பாத்துட்டு, பொம்பளப் பிள்ளைக்கு என்ன இவ்வளவு வெறின்னு பேசுது. அவங்க அம்மா முன்னாடி போய் நிக்கச் சொல்றியா?

ரேடியோ: அவங்க அம்மா உன்னைத் திட்டலக்கா. யாரையுமே திட்டல. மூக்குல போட்டிருக்குற டியூப் வழியா அவனுக்குக் கஞ்சி ஊத்திக்கிட்டே இருக்காங்க. நேத்து என்கிட்ட, நீயாவது அந்தக் கருப்பு பெல்ட்டைக் கட்டிக்கிட்டு வந்து அவன் கண்ணுல காட்டுடான்னு சொன்னாங்க.

பூட்டு: கண்ணுல காட்டுனா தெரியுமா அவனுக்கு?

ரேடியோ: திறந்துதான் வெச்சிருக்கான். நான் இந்தப் பக்கம் போனா பார்வையும் இந்தப் பக்கம் வரும். ஆனா என்னைப் பாக்குறானா, எனக்குப் பின்னாடி இருக்குற சுவரைப் பாக்குறானான்னு தெரியல.

பூட்டு: பேசுறானா?

ரேடியோ: இல்ல.

பூட்டு: ஒரு வார்த்தை, சத்தம், எதாவது...

ரேடியோ: இல்லக்கா. டாக்டர் சொல்றாரு, வரலாம், வராமலும் போகலாம்.

பூட்டு: ம்.

ரேடியோ: நீ போனா ஒருவேளை வாயைத் திறப்பானோ என்னமோ.

பூட்டு: அதுக்குத்தான் போகல.

ரேடியோ: என்னது?

பூட்டு: ஒண்ணுமில்ல. அந்த மூலையைப் பிடி. இழு. இன்னும் கொஞ்சம். இப்ப என் கைக்குக் கொண்டு வந்து கொடு. கட்டா வரிசையில அடியெடுத்து வைக்கிற மாதிரி நேராக் கொண்டு வா, ஆடிக்கிட்டு வராத.

ரேடியோ: கட்டான்னதும் ஞாபகம் வருது. மஞ்ச பெல்ட் பரீட்சையில கட்டா நடுவுல நான் பேசிட்டேன்னு மாஸ்டர் என் தலையில தண்ணி பாட்டிலை வெச்சு ஒரு மணி நேரம் முட்டியை மடக்கி குதிரை நிலையில நிக்க வெச்சாரே.

பூட்டு: அப்பவும் நீ வாயை மூடல. மாஸ்டர், பாட்டில் மூடி லூஸா இருக்குன்னு சொன்ன.

ரேடியோ: குட்டை சிரிச்சுட்டான். அவனையும் பக்கத்துல நிக்க வெச்சாரு. அவன் உயரத்துக்குக் குதிரை நிலையில நின்னாலும் மாஸ்டரை விட அரையடி அதிகம்.

பூட்டு: ஆறடி மூணு அங்குல ஆளுக்கு குட்டைன்னு பேர் வெச்ச புண்ணியவான் நீதான.

ரேடியோ: அவன் பெல்ட்டை மட்டும் தனியா நீளமா சொல்லி செஞ்சாங்க. பரீட்சைக்கு முன்னாடியே நம்ம மூணு பேர் கருப்பு பெல்ட்டும் வந்து மாஸ்டர் அலமாரியில இருந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் ஜன்னல் வழியா பாத்தோம்.

பூட்டு: நானும் பாத்தேன்.

ரேடியோ: நீயுமா? நீ அதெல்லாம் பாக்குற ஆளே இல்லையே.

பூட்டு: ஏன், எனக்கு ஆசை இருக்கக்கூடாதா? வெள்ளை பெல்ட்டுல சேரும்போது எனக்குப் பதினேழு. இங்க சோப்புத் தண்ணியில நின்னுட்டு, கால் விரல் ஊறிப் போய், சாயங்காலம் கிளாஸுக்கு ஓடி வருவேன். ஒரு நாளாவது கருப்பு பெல்ட் கட்டிக்கிட்டு கண்ணாடியில பாக்கணும்னு... சரி விடு. பேப்பரைக் கொடு.

ரேடியோ: இந்தா. பேனாவும் இந்தா.

பூட்டு: பேனா இருக்கட்டும். "கருப்பு பெல்ட் தேர்வின் கடைசிச் சுற்றில், நான் கட்டுப்பாடு இழந்து, எதிரில் நின்ற மாணவரின் தலையில் அளவுக்கு மீறிய பலத்துடன் அடித்தேன். அதனால் அவர் நினைவிழந்தார். இதற்கு மாஸ்டரோ வகுப்போ பொறுப்பல்ல. இனி எந்த வகுப்பிலும் எந்தப் போட்டியிலும் நான் கலந்துகொள்ள மாட்டேன்." யார் எழுதுனது?

ரேடியோ: சங்கத்துல டைப் பண்ணிக் கொடுத்தாங்க.

பூட்டு: இனிமே எந்த வகுப்பிலயும்...

ரேடியோ: அது ஆயுசுக்கும் தடைதான்க்கா. தெரியும். ஆனா நீயே இனி வரமாட்டேன்னுதான சொல்லிக்கிட்டு இருந்த.

பூட்டு: நான் சொல்றது வேற, எழுதிக் கொடுக்குறது வேற. இதுல கையெழுத்து போட்டா என்ன ஆகும், போடலன்னா என்ன ஆகும், சொல்லு.

ரேடியோ: போட்டா விசாரணை முடிஞ்சது. கிளாஸைத் திறப்பாங்க. நிறுத்தி வெச்ச பரீட்சை முடிவை வெளிய விடுவாங்க.

பூட்டு: உனக்குக் கருப்பு பெல்ட்.

ரேடியோ: ...ஆமா. எனக்கு. ஸ்கூல்ல கராத்தே வாத்தியார் வேலைக்கு மாஸ்டர் சொல்லி வெச்சிருக்காரு. பெல்ட் இருந்தாத்தான் எடுப்பாங்க.

பூட்டு: போடலன்னா?

ரேடியோ: மாஸ்டரோட லைசென்ஸ் போகும். பரீட்சையே செல்லாதுன்னு சொல்லிடுவாங்க. அவ்வளவுதான், எல்லாருக்கும்.

பூட்டு: ம். போடுறேன்.

ரேடியோ: போடுறியா?

பூட்டு: போடுறேன். ஆனா ஒரு வரியை எடுக்கச் சொல்லு.

ரேடியோ: எந்த வரி?

பூட்டு: "கட்டுப்பாடு இழந்து."

ரேடியோ: அக்கா, அதுதான் முக்கியமான வரியே.

பூட்டு: நான் இழக்கல.

ரேடியோ: அப்ப "அளவுக்கு மீறிய பலத்துடன்"?

பூட்டு: அதுவும் பொய்தான். தொட்டு எடுத்தேன், அவ்வளவுதான். நம்ம கிளாஸ்ல தலைக்கு அடிக்கிறதுன்னா தொட்டு எடுக்குறதுதானே. கதவைத் தட்டுற அளவுகூட இல்ல. ஆனா அந்தப் பொய்க்குக் கையெழுத்து போடுறேன். இதுக்குப் போட மாட்டேன்.

ரேடியோ: என்னக்கா, உலக்கையை முழுங்கிட்டு ஊசிக்குப் பயப்படுற மாதிரி இருக்கு. பலமா அடிச்சேன்னு ஒத்துக்குவ, கட்டுப்பாடு போச்சுன்னு ஒத்துக்க மாட்டியா?

பூட்டு: மாட்டேன்.

ரேடியோ: உன் கௌரவமா? ஆறு வருஷத்துல ஒருத்தனும் பூட்டக்கா தடுப்பைத் திறந்ததில்ல, அந்தப் பேர் போயிடும்னா?

பூட்டு: கௌரவமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அந்த வரி பொய்.

சூப்பர்வைசர்: எத்தனை ஆச்சு?

பூட்டு: இருபத்தி ரெண்டும்மா.

சூப்பர்வைசர்: பேசுற வாய்க்கு எண்ணிக்கை போட்டா நூறு தாண்டியிருக்கும்.

பூட்டு: இதோம்மா. டேய், கையை ஓட்டு. தலையணை உறையை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பு.

ரேடியோ: அக்கா, நான் ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்கக்கூடாது.

பூட்டு: கேளு.

ரேடியோ: மெதுவா அடிச்சேன்னா, அவன் ஏன் விழுந்தான்?

பூட்டு: இதை நாலு மாசமா நான் என்னையே கேக்குறேன். அன்னைக்கு டாக்டரும் கேட்டாரு. இவ்வளவு லேசான அடிக்கு இப்படி ஆகாதே, இதுக்கு முன்னாடி ஒரு வாரத்துக்குள்ள தலையில எதாவது பட்டுச்சான்னு கேட்டாரு. அப்ப நீ பக்கத்துலதான் நின்ன.

ரேடியோ: நின்னேன்.

பூட்டு: மாஸ்டர் என்ன பண்ணாரு?

ரேடியோ: யாருக்கு அடி பட்டாலும் எழுதி வெப்போமே, அந்த அடி நோட்டைக் காட்டுனாரு.

பூட்டு: அதுல என்ன இருந்துச்சு?

ரேடியோ: ஒண்ணுமில்ல.

பூட்டு: ரெண்டு மாசமா அவன் பேர்ல ஒரு வரி இல்ல. டாக்டர் வாயை மூடிக்கிட்டாரு. அந்த நிமிஷத்துல எல்லாரும் என் பக்கம் திரும்புனாங்க. அந்த நோட்டுதான்டா என்னை மாட்டி விட்டது.

ரேடியோ: நோட்டுல இல்லன்னா இல்லதான...

பூட்டு: நோட்டு எங்க?

ரேடியோ: என்னது?

பூட்டு: கதவுக்குப் பக்கத்துல கயிறுல தொங்குமே, பென்சிலோட. கிளாஸைப் பூட்டும்போது சாவியை உன்கிட்டத்தான கொடுத்தாரு.

ரேடியோ: அது... பையில இருக்கு. லெட்டரோட சேத்து அதையும் சங்கத்துல கொடுக்கச் சொன்னாங்க.

பூட்டு: எடு.

ரேடியோ: எதுக்குக்கா? நேரம் ஆகுது.

பூட்டு: எடுடா.

ரேடியோ: மூணரை ஆச்சு...

பூட்டு: நீ எடுக்குறியா, நான் பையைப் பிடுங்கவா?

ரேடியோ: இந்தா. பாரு. ஒண்ணும் இருக்காது.

பூட்டு: "அடி வாங்கினவர். எங்கே. தேதி. அடித்தவர்." மாஸ்டர் கையால போட்ட கோடு. இந்த அடித்தவர்ங்குற இடத்துல என் பேர் எத்தனை தடவை இருக்கு பாரு.

ரேடியோ: நீதான அதிகமா அடிப்ப.

பூட்டு: நான்தான் அதிகமா எழுதுவேன். முதல் நாள் மாஸ்டர் சொன்னது ஞாபகம் இருக்கா?

ரேடியோ: அடி வாங்குனவன் ஒண்ணும் ஆகலன்னுதான் சொல்வான்...

பூட்டு: எவ்வளவு பட்டுச்சுன்னு அடிச்ச கைக்குத்தான் தெரியும். அதனால அடிச்சவன் எழுதணும். தலையில பட்டுச்சுன்னு எழுதிட்டா, அடி வாங்குனவன் முப்பது நாளைக்கு சண்டையில இறங்கக்கூடாது. எவ்வளவு கெஞ்சுனாலும் கூடாது. சரி... பரீட்சை ஞாயித்துக்கிழமை. அதுக்கு முந்தின புதன்கிழமை எனக்கு இங்க ரெண்டு ஷிஃப்ட். நான் வரல. கிளாஸ்ல யாரு இருந்தா?

ரேடியோ: நான், குட்டை. மாஸ்டர் சங்கத்துக்குப் போயிட்டாரு.

பூட்டு: என்ன பண்ணீங்க?

ரேடியோ: ஜோடி கட்டா. ரெண்டு பேரும் சேர்ந்து செய்யணும்ல, அதைத்தான் திரும்பத் திரும்ப செஞ்சோம்.

பூட்டு: சண்டை போடல?

ரேடியோ: கொஞ்சம்... சும்மா விளையாட்டுக்கு.

பூட்டு: ஏன் நோட்டைப் பிடிச்சு இழுக்குற?

ரேடியோ: பாத்தாச்சுல்ல. கொடு.

பூட்டு: இங்க, செவ்வாய்க்கிழமை வரிக்குக் கீழ பேப்பர் சொரசொரன்னு இருக்கு.

ரேடியோ: பழைய நோட்டுக்கா.

பூட்டு: டேய், நான் ஏழு வருஷமா கறை பாக்குற வேலை பாக்குறேன். ரத்தம் போயிடுச்சுன்னு சொல்லி வர்ற ஷீட்டை விளக்குக்கு நேரா பிடிச்சா, அதோட ஓரம் தெரியும். நகரு, விளக்கை மறைக்காத.

ரேடியோ: அக்கா வேணாம்.

பூட்டு: "கு". அதுக்குப் பக்கத்துல பாதி "ட்". ரப்பர் போட்டு அழிச்சிருக்கு. அழுத்தி எழுதுற கை. யாரு கைன்னு நான் சொல்லவா?

ரேடியோ: என் கைதான்.

பூட்டு: உக்காரு. அந்த மூட்டை மேல உக்காரு. கீழ விழுந்து தொலைக்காத. சொல்லு.

ரேடியோ: சுத்தி அடிக்கிற உதை. அதைப் பரீட்சைக்கு சரி பண்ணிக்கிட்டு இருந்தேன். அவன் பின்னாடி நகர்வான்னு நினைச்சேன், முன்னாடி வந்துட்டான். குதிகால், இங்க, காதுக்கு மேல பட்டுச்சு. தொட்டு எடுக்கலக்கா. முழுசா போச்சு.

பூட்டு: இடது பக்கம்.

ரேடியோ: இடது பக்கம். உனக்கெப்படி... ஆமா, இடது பக்கம். விழுந்துட்டான். பத்து எண்ணுற வரைக்கும் கண்ணைத் திறக்கல. நான் எண்ணுனேன். அப்புறம் எழுந்து உக்காந்து வாந்தி எடுத்தான். எடுத்துட்டு சிரிக்கிறான். இதை முன்னாடியே பண்ணியிருந்தா வெள்ளை பெல்ட்டுலயே உனக்குக் கருப்பு கொடுத்திருப்பாங்கடான்னு சொன்னான்.

பூட்டு: அவன் மாதிரியே இருக்கு.

ரேடியோ: நான் போய் பென்சிலை எடுத்தேன். சத்தியமா எடுத்தேன்க்கா. "குட்" வரைக்கும் எழுதிட்டேன். பின்னாடி வந்து நின்னு என் கையைப் பிடிச்சான். எழுதுனா முப்பது நாள். பரீட்சை வருஷத்துக்கு ஒரு தடவைதான். அடுத்த வருஷம் அவன் கப்பல் வேலைக்குப் போயிடுவான். அவ்வளவுதான், வாழ்நாள் முழுக்க கருப்புக்குக் கீழ இந்த பிரவுன் பெல்ட்டுதான்னான். ஆறு வருஷம்டா ரேடியோன்னான்.

பூட்டு: அவனா அழிச்சான்?

ரேடியோ: அப்படித்தான் மாஸ்டர்கிட்ட சொல்லணும்னு நாலு மாசமா யோசிச்சு வெச்சிருந்தேன். இல்ல. அவன் கையை எடுத்துட்டான். உன் இஷ்டம்டான்னு சொல்லிட்டு துடைக்கத் துணி எடுக்கப் போயிட்டான். நான்தான் அழிச்சேன்.

பூட்டு: ஏன்?

ரேடியோ: அவன் இல்லன்னா ஜோடி கட்டாவுக்கு எனக்கு ஆள் இல்ல. மூணு நாள்ல யாரைத் தேடுறது. அவன் உக்காந்தா நானும் உக்காரணும். அவனுக்காக அழிக்கலக்கா. எனக்காக அழிச்சேன்.

பூட்டு: ஞாயித்துக்கிழமை டாக்டர் கேட்டப்ப வாயைத் திறந்திருக்கலாம்.

ரேடியோ: திறக்கலாம்னு மூச்சு எடுத்தேன். அதுக்குள்ள எல்லாரும் உன்னைப் பாத்தாங்க. அப்ப எனக்கு... எப்படி சொல்றது... மழையில நிக்கும்போது யாரோ குடை பிடிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் போச்சு, ஒரு வாரம் போச்சு. நான் ஆஸ்பத்திரிக்குப் போனா அவன்கிட்ட பேசிக்கிட்டே இருப்பேன், கிரிக்கெட்டு, சினிமா, கிளாஸ் கதை, எல்லாம். போன வாரத்துல இருந்து பேச்சே வரல. போய் உக்காந்துட்டு வந்துடுறேன். அவங்க அம்மா, என்னடா உனக்கு உடம்பு சரியில்லையான்னு கேக்குறாங்க.

சூப்பர்வைசர்: என்னாச்சு, அந்தப் பையன் ஏன் அழறான்?

பூட்டு: ப்ளீச் நெடிம்மா. பழக்கம் இல்ல.

சூப்பர்வைசர்: தண்ணி குடிக்கச் சொல்லு. வண்டி வந்துக்கிட்டு இருக்கு.

பூட்டு: சரிம்மா... இந்தா, குடி. மூஞ்சியைத் துடை. அந்த ஷீட்ல துடைக்காத, துவைச்சது அது.

ரேடியோ: அடிச்சிடு என்னை.

பூட்டு: அடிச்ச வரைக்கும் போதும்.

ரேடியோ: நாலு மாசம் உன்னை ஊரே காறித் துப்புச்சு. நான் பாத்துக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு உன்கிட்டயே கையெழுத்து வாங்க வந்தேன் பாரு. நான் மனுசனா?

பூட்டு: மாஸ்டருக்கு இது தெரியுமா?

ரேடியோ: யாருக்கும் தெரியாது. நீதான் முதல்.

பூட்டு: குட்டை வேற யார்கிட்டயாவது சொல்லியிருப்பானா? தலை வலிக்குது, ஒரு மாதிரி இருக்குன்னு... யார்கிட்டயாவது?

ரேடியோ: சொல்லியிருக்க மாட்டான். வீட்டுலயே சொல்லல. ஏன்க்கா, வந்ததுல இருந்து இதையே சுத்திச் சுத்திக் கேக்குற?

பூட்டு: சும்மா.

ரேடியோ: அந்த லெட்டரைக் கொடு, கிழிக்கிறேன். நோட்டையும் கொடு. புதன்கிழமை, குட்டை, தலை, அடித்தவர் நான். இப்பவே எழுதி நேரா சங்கத்துல போய் வெச்சுடுறேன்.

பூட்டு: உன் பெல்ட்?

ரேடியோ: போகட்டும்.

பூட்டு: வேலை?

ரேடியோ: போகட்டும்க்கா. மாஸ்டர் என் மூஞ்சியில முழிக்க மாட்டாரு, அதுவும் போகட்டும். நீ கட்டுப்பாடு இழக்கலன்னு நான் சொல்றேன். பூட்டக்கா மேல ஒரு தப்பும் இல்ல, தொட்டுத்தான் எடுத்துச்சு, ஏற்கனவே உடைஞ்சதை நான்தான் அனுப்பி வெச்சேன்னு...

பூட்டு: அப்படி சொல்லிடாத.

ரேடியோ: எப்படி?

பூட்டு: என் மேல ஒரு தப்பும் இல்லன்னு.

ரேடியோ: இல்லதானக்கா. உனக்குத் தெரியாதே.

பூட்டு: அம்பத்தெட்டு. அம்பத்தொம்பது. இதை அந்த அடுக்கு மேல வை.

ரேடியோ: வெச்சுட்டேன். என்னக்கா?

பூட்டு: பரீட்சையில அவன் விழுறதுக்கு முன்னாடி என்ன சொன்னான், கேட்டுச்சா உனக்கு?

ரேடியோ: நான் அந்தக் கோடியில இருந்தேன். கேக்கல.

பூட்டு: லைட்டை அணைச்சுட்டாங்களான்னு கேட்டான். பட்டப்பகல் பதினோரு மணி, ஜன்னலெல்லாம் திறந்திருக்கு. லைட்டை அணைச்சுட்டாங்களா பூட்டக்கான்னு கேட்டுட்டு, உக்காந்தான், சாஞ்சான்.

ரேடியோ: ஐயோ.

பூட்டு: அது இல்ல நான் சொல்ல வந்தது. அதுக்கு முன்னாடி... காலையில, உடம்பைச் சூடு பண்ண ஓடும்போது.

ரேடியோ: என்ன காலையில?

பூட்டு: அந்தக் கடைசி ஷீட்டை எடுத்துக் கையில வெச்சுக்கோ. என்னைப் பாக்காத. பாத்தா சொல்ல வராது.

ரேடியோ: பாக்கல. சொல்லு.

பூட்டு: ஓடும்போது குனிஞ்சு என் காதுல சொன்னான்டா. பூட்டக்கா, இன்னைக்கு மண்டையை மட்டும் விட்டுடு, இடது பக்கம் ஒரு மாதிரி இருக்கு, யார்கிட்டயும் சொல்லாதன்னு. நான் சரின்னு தலையாட்டுனேன். கடைசிச் சுத்துல எனக்கு ரெண்டு பாயிண்ட் வேணும், ஒண்ணுதான் இருந்துச்சு, இருபது நொடி பாக்கி. அவன் வலது பக்கத்தை அப்படியே திறந்து போட்டுட்டு, இடது கையை மட்டும் காதுக்கிட்ட வெச்சுக்கிட்டே நிக்கிறான். மாஸ்டரே சொல்லிக் கொடுத்ததுதான, எதிராளி எதை மூடுறானோ அதுக்குத்தான் பயப்படுறான், அங்கப் போனா தடுமாறுவான்னு. எனக்கு அந்த அலமாரியில இருந்த பெல்ட்டு கண்ணு முன்னாடி வந்துச்சு. வயித்துக்குப் போற மாதிரி காட்டி, அவன் கையைக் கீழ இறக்க வெச்சு, அந்த இடத்துலதான் தொட்டேன். மெதுவா, ரொம்ப மெதுவா. கட்டுப்பாடெல்லாம் கையிலதான்டா இருந்துச்சு. அதனாலதான் அந்த ஒரு வரிக்கு என்னால கையெழுத்து போட முடியல. இந்தா நோட்டு, இந்தா பென்சில். அடித்தவர்னு போட்ட கட்டத்துல ஒரு பேருக்குத்தான் இடம் இருக்கு. வண்டி வர்றதுக்குள்ள சொல்லு... யார் பேரை எழுதலாம்? நீ என்ன சொல்ற?